முள் துள்ளியபோது படித்த எடை

எங்கள் வட்டாரத்தில் அவளுக்குத் தராசக்கா என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம். குழந்தைகள் நல நிலையத்தில் பத்தொன்பது வருடமாக எடை பார்ப்பவள். அதே அறையில், நாலடி தள்ளி, மருந்து அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். அவள் எடை அட்டையில் புள்ளி வைத்துக் கோட்டை இழுப்பாள். அந்தக் கோட்டைப் பார்த்து நான் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தோ சத்துமாவுப் பாக்கெட்டோ எடுத்துக் கொடுப்பேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என்னை மட்டும் விட்டுவிட முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெரிய உடம்பு, வேகமான நடை, ஓயாத வாய். கணவர் போன பிறகு இந்த வேலையை வைத்தே இரண்டு பையன்களை ஆளாக்கினாள். வீறிட்டு அழுகிற குழந்தை அவள் தோளுக்குப் போனால் அடங்கிவிடும். எந்தக் குழந்தைக்கு எப்போது பல் முளைத்தது, எது தவழாமலே எழுந்து நடந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எங்கள் பிறந்த நாள் மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது என்று அவள் பையன்கள் கேலி செய்வார்கள்.

நிலைப்படிக்கு மேலே கொக்கியில் தொங்குகிற வட்டத் தராசு எங்களுடையது. குழந்தையைத் துணித் தூளியில் கால் நுழைத்துத் தொங்கவிட வேண்டும். அது உதைக்கும், முள் ஆடும். முள் நிற்கும்வரை காத்திருந்து படிக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். முப்பது தாய்மார் வரிசையில் நிற்கும்போது யார் காத்திருப்பது? தராசக்கா முள் மேலே துள்ளும்போது படித்துவிடுவாள். கீழே இறங்கும்போது படித்தாலும் தப்புத்தான், ஆனால் அவள் கண் ஒருநாளும் கீழே போனதில்லை.

காரணம் இருந்தது. ஒரு குழந்தையின் கோடு இறங்கினால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும், வீட்டுக்குப் போய் என்ன ஊட்டுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும், மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று மேற்பார்வை மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை நாற்பது பேருக்கு முன்னால், உங்க பக்கம் மட்டும் பிள்ளைங்க காத்தையா குடிக்குது என்று மேடம் கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தராசக்கா அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் ஒரு கோடும் இறங்கவில்லை. இங்கே நூறு கிராம், அங்கே இருநூறு கிராம். எனக்குத் தெரியும். கோடு இறங்காத குழந்தைக்கு நான் பாக்கெட் எடுக்க வேண்டாம், கையெழுத்து வாங்க வேண்டாம். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அந்த வரிசையில் தையல் கம்பெனிப் பெண் ஒருத்தி வருவாள். சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பவள். முதல் குழந்தை, பெண். ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலில் குழந்தையை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். நாத்தனார் கெட்டவள் இல்லை. பால் கெட்டியாக இருந்தால் செரிக்காது என்று யாரோ சொன்னதை நம்பிப் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினாள். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சாப்பாடு ஊட்டத் தொடங்க வேண்டும் என்பது தெரியாமல், பல் வரட்டும் என்று காத்திருந்தாள். இதெல்லாம் எங்களுக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. ஏழாம் மாதமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கோடு இறங்கினால்தானே நாங்கள் கேட்போம்.

எட்டாம் மாதம் அந்தத் தையல் கம்பெனிப் பெண்ணே கேட்டாள்.

“அக்கா, இவ முன்ன மாதிரி உதைக்கிறதே இல்ல. முகமும் வெளுத்துக் கெடக்கு. எளச்சுட்டாளோன்னு பயமா இருக்கு.”

குழந்தை தூளியில் சும்மா தொங்கியது. முள் ஆடவே இல்லை. ஐந்து கிலோ தொள்ளாயிரத்தில் அப்படியே நின்றது. துள்ளும்போது படித்தேன் என்று சப்பைக்கட்டு கட்டக்கூட இடமில்லாத எடை. அட்டையில் போன மாதத்துக்கு ஆறு கிலோ எழுநூறு என்று இருந்தது. இப்போது உள்ளதை எழுதினால் போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் எழுதியது பொய் என்று ஆகிவிடும். தராசக்கா ஏழு கிலோ என்று எழுதினாள். கை கூசவில்லை. அட்டையை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பாரு கண்ணு, கோடு மேலதான போகுது? முதல் பிள்ளைன்னா இப்படித்தான் தோணும். நிம்மதியா வேலையப் பாரு.”

அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அடுத்தது யாரென்று கூப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் குழந்தையை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெரியவந்து, நாங்கள் இருவரும் ஓடினோம். டாக்டர் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“போன மாசம் ஏழு கிலோ. இப்ப அஞ்சு எண்ணூறு. உடம்புல பாதி ரத்தம்கூட இல்ல. இது வரைக்கும் ஒழுங்கா வளர்ந்த பிள்ளைய மூணு வாரத்துல என்னம்மா பண்ணீங்க?”

அவள் ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வேலைக்குப் போனேன் சார் என்றாள். எங்கள் இருவரில் வாயைத் திறந்தது தராசக்காதான்.

“அட்டை தப்பு சார். எடைய நான் கூட்டிக் கூட்டி எழுதிட்டேன். பிள்ளை மூணு மாசமாவே எளச்சுக்கிட்டு வருது. இவ வந்து கேட்டா. நான்தான் ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டேன்.”

அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அட்டையை மூடி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்யப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வெளியே நடையில் அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நாங்கள் நின்றோம். அவள் தராசக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைக் காப்பாற்றப் பழியை உங்கள் மேலேயே போட்டுக்கொண்டீர்களே என்று விம்மினாள். இல்லை இல்லை என்று தராசக்கா சொல்லச் சொல்ல அழுகை கூடியது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ரத்தம் ஏற்றினார்கள். பிறகு தினமும் சொட்டு மருந்து, மசித்த பருப்பு, முட்டை, கீரை. இரண்டாம் மாதம் உதைக்கத் தொடங்கியது. தராசக்கா நடந்ததை எழுதி மேடத்திடம் கொடுத்தாள். மேலே போனால் எல்லாருக்கும் தலைவலி என்று மேடம் அதைக் கிழித்துப்போட்டுவிட்டு, குழந்தைக்கென்று புது எடை அட்டை ஒன்று நீட்டினார். இப்போதெல்லாம் முள் நிற்கும்வரை அவள் நிற்கிறாள். வரிசை வாசலைத் தாண்டிப் போகிறது. கோடுகள் இறங்குகின்றன, கூட்டத்தில் எழுந்து நின்று வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். வட்டாரத்திலோ கதை வேறு மாதிரி பரவிவிட்டது. ஒரு தாய்க்காகத் தன் பேரைக் கெடுத்துக்கொண்டவள் என்று பெண்கள் அவளைக் கண்டால் எழுந்து வழிவிடுகிறார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் நடந்துபோகிறாள்.

அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் தராசக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீயும் வா, நீ சொன்னால் நம்புவாள் என்று என்னை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து குழந்தைக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தராசக்கா மாதம் மாதமாக, எடை எவ்வளவு இருந்தது, எவ்வளவு எழுதினேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டே குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

“விடுங்கக்கா. டாக்டர்தான் இங்க இல்லையே, இன்னும் எதுக்கு?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களே சொல்லுங்க. அக்கா அப்படிச் செய்றவங்களா? அந்த மூணு வாரமும் ஓவர்டைம் பார்த்தேன். பிள்ளை முகத்தக்கூடச் சரியாப் பார்க்கல. நல்லா இருந்த பிள்ளைய நான்தான் கொல்லப் பார்த்தேன்.”

தராசக்கா என்னைப் பார்த்தாள். ஆமாம், செய்தாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத்தான் வரும்: நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?

டீ ஆறுது, குடிங்க என்றாள் அந்தப் பெண். நான் டம்ளரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தேன்.