தந்தேரஸில் வாங்கிய ஐந்து டீசல் வண்டிகள்

காலையில் பால் பாக்கெட்டை உள்ளே வைத்ததும் கம்லேஷ் தனேஜா துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குவாள். அவளுடைய வெள்ளை வண்டியின் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு செருகியிருக்கும். அதை இரண்டு விரலால் உருவுவாள். மேல் மூலையில் அச்சாகியிருக்கும் பிள்ளையாரை மட்டும் நகத்தால் மடித்துப் பதமாகக் கிழித்துக் கமீஸ் பையில் போட்டுக்கொள்வாள். மிச்ச அட்டையில் ‘டீசல் வண்டியா? உடனே பணம். லவ்லி’ என்று தங்க எழுத்து இருக்கும். அதைக் கரண்டி மாதிரிப் பிடித்து, பானெட்டில் காய்ந்து கிடக்கும் புறா எச்சத்தை வழிப்பாள். அட்டையின் முனை மழுங்கியதும் சாக்கடைப் பக்கம் வீசிவிட்டு உள்ளே போவாள். சமையலறை அலமாரியில் ஒரு காலி ஊறுகாய் பாட்டில். அதில் கழுத்து வரைக்கும் பிள்ளையார்கள்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், அவள் வழித்துக்கொண்டிருக்கும்போதே லவ்லி நேரில் வந்து நின்றான். லவ்லி ஆண்பிள்ளைதான். நாற்பது வயது, பழைய கார் வியாபாரி. வீட்டில் வைத்த செல்லப் பெயர் ஹரிநகர் முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது.

“ஆன்ட்டி ஜி, என் கார்டை வெச்சு என்ன பண்றீங்க?”

“உன் பேரு நல்லா வழிக்குதுடா. இன்னும் கொஞ்சம் கெட்டியான அட்டையில அடி.”

“வண்டியக் குடுத்துட்டா வழிக்கற வேலையே இல்லையே. இந்தத் தெருவுல அஞ்சு டீசலுக்கும் இன்னும் ரெண்டே வாரத்துல பத்து வயசு. அப்புறம் டில்லி ரோட்டுல இறக்கினா தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“ரெண்டு வருஷம் முன்னாடி நீயே இதுக்கு மூணு மடங்கு விலை சொன்னே.”

“அப்போ டீசலுக்கு ஆள் இருந்தாங்க. இப்போ ஆறு வயசு டீசலையே எவனும் திரும்பிப் பாக்கல. டீசல்னு சொன்னதும் போனை வெச்சுடறான்.”

“என் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னாவது ஒரு வார்த்தை கேட்டியா?”

லவ்லி சிரித்தான். “எத்தனை கிலோன்னுதான் ஆன்ட்டி இப்போ கேக்கணும்.”

அவள் அட்டையைத் தூக்கி எறியாமல் அவன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு உள்ளே போய்விட்டாள். புறா எச்சத்தோடு.

ஐம்பதாவது வயது வரைக்கும் கம்லேஷ் கணவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டைத் தாண்டி எதிலும் போனதில்லை. தனேஜா மின்சார இலாகாவில் வேலை பார்த்தவர். காரைக் கண்டாலே தூக்கம் வரும் சுபாவம். வண்டி வந்த வாரமே அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கேட்டை இரண்டு முறை இடித்தாள், மூன்றாம் முறை இடிக்கவில்லை. அதற்கப்புறம் தெருவில் பிரசவம், நெஞ்சுவலி, ஸ்டேஷனுக்கு அவசரம் எதுவென்றாலும் முதலில் தட்டுகிற கதவு அவளுடையது. ஆண்கள் எல்லோருக்கும் அவள் அண்ணி முறையில் பாபி ஜி. அவள் அண்ணன் முறையில் பாஜி என்று கூப்பிடும் எதிர்வீட்டுப் பிந்த்ரா சர்தாரின் பேத்தி ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் இந்த வண்டியின் பின்சீட்டிலேயே பிறந்துவிட்டாள். சீட் உறையைக் கம்லேஷ் மாற்றவே இல்லை, துவைத்துத்தான் போட்டாள். அந்த வண்டியைத்தான் எடைபோட்டு எடுக்கிறேன் என்கிறான் லவ்லி.

அவளுக்கு இன்னொரு முள்ளும் இருந்தது. ஐந்து வண்டிகளையும் தெருவுக்குக் கொண்டுவந்தது அவள்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் பெட்ரோலைவிட டீசல் அவ்வளவு மலிவு. டீசல் வண்டி என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கம்லேஷ் மற்ற நான்கு வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போய், ஐந்து வண்டிக்கு ஒரே பேச்சாகப் பேசி விலையைக் குறைத்தாள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வரும் தந்தேரஸ் அன்றுதான் எடுப்போம் என்று அடமும் பிடித்தாள். அன்று ஒரு கரண்டியாவது வாங்கி உலோகமாக லட்சுமியை வீட்டுக்குள் அழைக்காத வீடு டில்லியில் கிடையாது. இவர்கள் காராகவே அழைத்தார்கள். ஐந்து வண்டிகளும் சாமந்தி மாலையோடு வரிசையாகத் தெருவுக்குள் திரும்பியபோது கம்லேஷ் எல்லாச் சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

லவ்லி வந்துபோன அன்று மாலை பிந்த்ரா வீட்டில் ஐந்து பேரும் கூடினார்கள். ரிட்டயர்ட் பேங்க்காரர் நாரங் தேநீரைத் தொடாமலே ஆரம்பித்தார்.

“பாபி ஜி, அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டோம். பெட்ரோல் வாங்கியிருந்தா இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கலாம்.”

“பத்து வருஷமா பம்புல மிச்சம் பிடிச்சீங்களே, அப்போ என் பேச்சு இனிச்சுதா நாரங் சாப்?”

“லவ்லி சொல்ற விலைக்கே குடுத்துட்டுத் தலைமுழுகிடலாம்.”

“தந்தேரஸ்ல வீட்டுக்கு வந்த லட்சுமியை இரும்புக் கடைக்கு அனுப்பறதா? நான் மாட்டேன். பத்து வயசுச் சட்டம் டில்லிக்குத்தானே. பஞ்சாப்ல டீசல் இல்லாம எவன் இருக்கான்? அங்க ஓட்டிட்டுப் போய் பட்டிண்டா பழைய வண்டிச் சந்தையில மனுஷன் விலைக்கு விப்போம்.”

பிந்த்ரா மீசையைத் தடவினார். “பாபி சொல்றது சரி. அங்க டிராக்டர் வெச்சிருக்கறவன் கொல்லையில பீப்பாய் பீப்பாயா டீசல் இருக்கும்.”

ஹோமியோபதி டாக்டர் லாம்பாவும் ஜவுளிக்கடைக் கக்கட்டும் பிந்த்ராவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நாரங் எல்லோரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஆட்டினார்.

வேறு மாநிலத்துக்கு வண்டியை மாற்றத் தடையில்லாச் சான்று வாங்க ஒரு வாரம் அலைந்தார்கள். சனிக்கிழமை காலை, பராட்டாவும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு ஐந்து வண்டிகளும் கிளம்பின. கம்லேஷ் முன்னால். லவ்லி தெருமுனையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான்.

“எங்க ஆன்ட்டி ஜி, ஊர்வலம்?”

“பஞ்சாப் சந்தைக்கு. இனிமே புறாகிட்ட நீயே பேசிக்கோ.”

“அங்க எவன் வாங்குவான்? திரும்ப என்கிட்டதான் வருவீங்க.”

அவள் ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டே அவனைத் தாண்டினாள். பின்னால் நான்கு ஹாரன்களும் சேர்ந்துகொண்டன.

பட்டிண்டாவை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் வயல்களில் நெல் அறுத்த அடித்தாள் எரிந்துகொண்டிருந்தது. சாம்பல் கண்ணாடியில் வந்து ஒட்டியது. பக்கத்தில் வந்த பிந்த்ரா கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

“பாபி, டில்லியில புகைன்னா நம்ம அஞ்சு வண்டியாலதானாம்!”

“நல்லா மூச்சை இழுத்துக்கோங்க பாஜி! அபராதம் போட ஆள் இல்லாத புகை!”

இரவு குருத்வாராவில் பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டுப் படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சந்தை மைதானத்துக்குள் திரும்பிய கம்லேஷ், தன்னை அறியாமல் பிரேக்கை மிதித்தாள்.

மைதானம் முழுக்க டில்லி நம்பர். அறுவடை முடிந்த வயலில் நட்டுவைத்தது போல வெள்ளையும் வெள்ளியுமாக டீசல் வண்டிகள், கண்ணுக்கெட்டிய வரை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அவளைப் போலவே பராட்டாப் பொட்டலத்தோடு ஒரு டில்லிக்காரர் நின்றிருந்தார்.

டீக்கடைக்காரன் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டான்: “ஒவ்வொரு வருஷமும் தீபாவளி சமயத்துலதான் டில்லிக்காரங்க வந்து குமியறீங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஊரே ஒரே முகூர்த்தத்துல கல்யாணம் பண்ணிக்கிச்சா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தந்தேரஸில் வண்டி எடுத்தது அவள் தெரு மட்டுமில்லை. நகரமே அன்றுதான் எடுத்தது. எல்லோரும் ஒரே நல்ல நாளில் லட்சுமியை அழைத்ததால் எல்லோருடைய லட்சுமிக்கும் ஒரே வாரத்தில் பத்து வயது. நல்ல நாள் பார்த்தவர்கள் எல்லோரும் இந்த மைதானத்தில்தான் நிற்கிறார்கள். ஆகாத மாதத்தில் எடுத்தவன் எவனாவது இருந்தால் அவன் ஒருத்தன்தான் இன்று நல்ல விலைக்கு விற்றிருப்பான்.

நாரங் அவள் பக்கத்தில் வந்து நின்றார். நின்ற டில்லி வண்டிகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். அது திட்டியிருந்தால் இருந்திருப்பதைவிட மோசமாக இருந்தது.

மத்தியானம் வரை வந்தவர்கள் எல்லாம் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, லவ்லி சொன்னதற்கும் கீழே சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் மஞ்சள் தலைப்பாகையோடு ஒரு தடித்த மனிதர் வந்தார். எதையும் உதைக்கவில்லை.

“அஞ்சு வண்டிதானே? அஞ்சையும் எடுத்துக்கறேன்.”

“அஞ்சுன்னு எப்படித் தெரியும்?” என்றார் பிந்த்ரா.

“ஒண்ணாத்தானே நிக்கறீங்க.” கக்கட்டின் வெள்ளி வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல், “அதுல இடது கதவு பெயிண்ட் அடிச்சது, ஆனா பரவாயில்லை” என்றார். அவர் சொன்ன விலை லவ்லியின் விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். நான்கு ஆண்களின் தோள்களும் ஒரே சமயத்தில் நிம்மதியாக இறங்கின.

கம்லேஷ் மட்டும் கேட்டாள். “வாங்கி என்ன செய்வே?”

“ஓடற வண்டியா இருந்தா ஓட்டறவனுக்கு விப்பேன். இல்லேன்னா எஞ்சினைக் கழட்டி, மிச்சத்தை எடைக்குப் போடுவேன்.”

எடை. இங்கேயும் அதே சொல்.

“அப்போ என்னுது இல்ல. நாலை எடுத்துக்கோ.”

“அஞ்சும் சேர்ந்தாத்தான் இந்த விலை. நாலுன்னா குறையும்.”

நாரங்கின் முகம் சிவந்தது. “பாபி ஜி! உங்க ஒருத்தர் பிடிவாதத்துக்கு நாங்க நாலு பேரும் நஷ்டப்படணுமா? அன்னிக்கு வாங்க வெச்சீங்க, இன்னிக்கு விக்க விட மாட்டேங்கறீங்க!”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான்கு முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு தலைப்பாகைக்காரரைப் பார்த்தாள். விற்க அவசரப்படும் நான்கு பேரைவிட அவர் வாங்க அவசரப்படுவது போலப் பட்டது. சாவியை வாங்கக் கை பாதி நீண்டே இருந்தது.

“சொன்ன விலைக்கு நாலை எடு. இல்லேன்னா அஞ்சும் திரும்பிப் போகும்.”

“போங்களேன்” என்றார் அவர்.

கம்லேஷ் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். பத்து வருஷ டீசல் ஒருமுறை கனைத்துவிட்டு ஓடத் தொடங்கியது. கியரைப் போட்டாள். கண்ணாடியில் பின்னால் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. ஒரு வண்டி நீளத்துக்கு நகர்ந்தாள்.

பிந்த்ராவின் எஞ்சின் சத்தம் அவளுக்குத் தெரியும், பெல்ட் கீச்சிடும். அது கீச்சிட்டது. அதற்கப்புறம் கக்கட். அதற்கப்புறம் லாம்பா. கொஞ்சம் இடைவெளி. நாரங் எப்போதும் முதல் தடவையில் ஸ்டார்ட் செய்ய மாட்டார். இரண்டாம் தடவையில் செய்தார்.

மஞ்சள் தலைப்பாகை வண்டிக்கு முன்னால் ஓடி வந்து பானெட்டில் கையை வைத்தது. “சரி, சரி! நாலு! அதே விலை! என்ன பொம்பளையப்பா இந்த டில்லிப் பொம்பளை!”

“கையை எடு. காலையிலதான் துடைச்சேன்.”

விற்ற வண்டிகளிலிருந்து சாமிகளைப் பெயர்த்தெடுத்தார்கள். பிந்த்ராவின் குரு நானக், லாம்பாவின் அனுமார், கக்கட்டின் சிங்கவாகினி, நாரங்கின் சின்னப் பித்தளைச் சிவலிங்கம். வைக்க வேறு இடமில்லாததால் நான்கும் கம்லேஷின் டாஷ்போர்டில் அவளுடைய பிள்ளையாரோடு வரிசையாக உட்கார்ந்தன. வண்டியை விற்றவர்கள் நான்கு பேரும் வீட்டுக்குப் போக வழியில்லாமல் நின்றார்கள்.

“ஏறுங்க” என்றாள். “இல்லேன்னா பஸ்ஸுக்கு நில்லுங்க. அதுவும் டீசல்தான்.”

பின்சீட்டில் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் பிந்த்ரா. வண்டி ஹரியானாவில் கோஹானா ஊரைத் தாண்டியது. அப்புறம் நாரங் தொண்டையைக் கனைத்தார்.

“பாபி ஜி, அங்க பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க.”

“வெச்சுக்க இடம் எங்க இருக்கு? வண்டி பூரா சாமி, ஆசாமி.”

“இன்னும் நாலு நாள்தான் இதுக்கு. என்ன பண்ணுவீங்க?”

“நாலு நாள் ஓட்டுவேன்.”

ஓட்டினாள். லாம்பாவின் மனைவியைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பிந்த்ராவின் பேத்தியை அவள் பிறந்த சீட்டிலேயே உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். தந்தேரஸுக்கு முன்பே பாத்திரக்கடைக்குப் போய் ஒரு கரண்டி வாங்கினாள். இந்தத் தடவை எல்லோரும் வாங்கும் நாளில் வாங்கவில்லை. நான்காவது நாள் காலையில் கணவரைத் தட்டி எழுப்பி முன்சீட்டில் உட்காரவைத்தாள். ஹோஷியார்பூரில் இருக்கும் தங்கை பிரோமிளாவின் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். தடையில்லாச் சான்று பஞ்சாபுக்குத்தான் இருந்தது. வண்டி தங்கை பெயருக்கு மாறியது, நம்பர் மாறியது, ஓட்டுபவள் மாறவில்லை. மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போகிறாள். மாம்பழத் தோப்பு வழியாகத் தங்கையை ஏற்றிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, அவசியமில்லாத இடத்திலும் ஹாரன் அடிக்கிறாள்.

ஹரிநகர் தெருவில் இப்போது இரண்டு பேட்டரி வண்டிகளும் ஒரு கேஸ் வண்டியும் நிற்கின்றன. லவ்லி கார்டு செருகுவதில்லை. புறாக்கள் வருகின்றன.

தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு லவ்லி தெருவையே அழைத்திருந்தான். அதற்குப் போய் வந்த ஒருவர் சொல்லித்தான் இது தெரிய வந்தது: தாய்மாமன் சீர்த்தட்டை ஏந்தி முன்னால் நடந்து வந்த தடித்த மனிதர் மஞ்சள் தலைப்பாகை கட்டியிருந்தார். லவ்லியின் மச்சான், பட்டிண்டாவில் பழைய கார் வியாபாரம்.