அப்பா என்ன வேலை செய்கிறார்?

ஜப்பான்காரன் வந்ததும் மூடிய எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. மலாயாவில், பாலோவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம். சுவரில் வெள்ளைக்கார ராஜாவின் படம் போய் ஆணி மட்டும் இருந்தது. காலையில் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிந்து ஒரு கும்பிடு, பிறகு உடற்பயிற்சி. பூகோளப் பாடத்தில் முன்பு லண்டனைக் காட்டிய அதே பிரம்பு இப்போது டோக்கியோவைக் காட்டியது. விஞ்ஞானம் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மரவள்ளி நடுவது. கணக்கில் பின்னம் நடந்தது. வாத்தியார் அவித்த கிழங்கை வெட்டி அரை, கால், அரைக்கால் என்று காட்டுவார். கணக்கு புரிந்ததோ இல்லையோ, அந்தக் கால் பங்கு யாருக்கு என்று அடித்துக்கொள்வோம். பசி அப்படி.

எல்லாவற்றுக்கும் மேலே ஜப்பான் மொழி. வாத்தியார் டவுனில் கொஞ்ச நாள் படித்துவிட்டு வந்து, எங்களைவிட ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். வகுப்பில் நான்தான் முதல். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்வேன். அதில் எனக்குத் திமிரும் உண்டு.

அந்தச் சமயத்தில் என் அப்பா செத்துப்போயிருந்தார். அதாவது, தோட்டத்து ஆபீசைப் பொறுத்தவரை. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அதனால் அப்பா தோட்டத்தை ஒட்டிய சதுப்புக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார். குளுவாங் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே புதைத்தாயிற்று என்று அம்மா ஆபீசில் சொன்னாள். சொன்னதோடு விடவில்லை. தாலியைக் கழற்றினாள், பொட்டை அழித்தாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்துதான் அழுதார்கள். பக்கத்து வீட்டு அத்தை மாரடித்து அழுத அழுகையில், அப்பா நிஜமாகவே போய்விட்டாரோ என்று நானும் சேர்ந்து அழுதேன்.

"யாரு கேட்டாலும் அப்பா செத்துட்டாருன்னு சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்" என்றாள் அம்மா.

எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று பயம். வீட்டில் விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லைச் சொல்ல விடமாட்டார்கள். இப்போது அவளே சொல்லச் சொல்கிறாள்.

"பள்ளிக்கூடத்துல அந்த வாய் பேசுற. இங்க மட்டும் வாயில கொழுக்கட்டையா?" என்று தலையில் குட்டினாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

பிறகு ஜப்பான் மொழியில் குடும்பப் பாடம் வந்தது. உன் வீட்டில் யார் யார், உன் அப்பா என்ன வேலை செய்கிறார். "என் அப்பா பால்மரம் வெட்டுகிறார்." தோட்டத்தில் எல்லா அப்பாக்களும் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்கள்தான், அதனால் எல்லாரும் சேர்ந்து கத்தினோம். பாட்டு மாதிரி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

பாடம் முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். இடுப்பில் வாள். கூடவே டவுனிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளன். அதிகாரி ஒருவனை வாய்ப்பாடு சொல்ல வைத்தான். இன்னொருத்தியைப் பூகோளப் படத்தில் டோக்கியோவைத் தொடச் சொன்னான். பிறகு முதல் பிள்ளை யார் என்று கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் மட்டும் ஜன்னலைப் பார்த்தார்.

அதிகாரி என் முன்னால் வந்து நின்று ஜப்பான் மொழியிலேயே கேட்டான். உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?

அம்மா சொல்லச் சொன்னதைத் தேடினேன். அது வரவே இல்லை. பாடத்தில் படித்தது மட்டும் வரிசையாக வந்து நின்றது. "என் அப்பா" என்றேன். நிறுத்தினேன். அவன் வாளின் பிடியில் கையை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டான். "என் அப்பா பால்மரம்" என்று வாயைத் திறந்தேன்.

கன்னத்தில் பளார் என்று விழுந்தது. வாத்தியார்!

"மரமண்டை! ஒரு பாடம் ஏறல. உளறாத, உக்காரு!"

அதுவரை அவர் என்னை அடித்ததில்லை. பதில் தெரிந்த பிள்ளையை அடித்த அநியாயக்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். அதிகாரி ஏதோ சொன்னான். மொழிபெயர்ப்பாளன் வாத்தியாரிடம் திரும்பினான். "முதல் புள்ளைக்கே ஒண்ணும் தெரியல, அப்புறம் இங்க வாத்தியாரு எதுக்குங்கறாரு." வாத்தியார் நன்றாகக் குனிந்து, "என் தப்புத்தாங்க" என்றார்.

வாத்தியார் வேலை என்பதால்தான் அவரைச் சயாமுக்குப் பிடிக்காமல் விட்டுவைத்திருந்தார்கள். அந்த வேலை போயிற்று. அடுத்த லாரியில் அவரையும் ஏற்றினார்கள்.

ஜப்பான்காரன் போனபின் அப்பா காட்டிலிருந்து வந்தார். அம்மா மறுபடி பொட்டு வைத்தாள். வாத்தியார் வரவில்லை. ஜப்பான்காரன் நமக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்தான் என்று இன்றைக்குச் சிலர் பேசுகிறார்கள். என் எதிரில் பேசவேண்டாம்.

அன்று வாத்தியாரை ஏற்றிய லாரி கிளம்பிய காலையில் அம்மா அவித்த கிழங்கை இலையில் மடித்து என் கையில் திணித்து, "ஓடிப் போய் வாத்தியார்கிட்ட குடு" என்றாள். அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு இஷ்டமும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நீட்டினேன்.

அவர் லாரியிலிருந்து குனிந்து வாங்கிக்கொண்டார். "அந்தக் குடும்பப் பாடம் ஞாபகம் இருக்கா புள்ள?" என்றார் மெதுவாக.

"எல்லாம் தெரியும் சார். அன்னைக்கும் தெரியும். நீங்கதான் சொல்ல விடல."

"மறந்துடு. யாரு கேட்டாலும் மறந்துட்டேன்னு சொல்லு."

படித்ததை மறக்கச் சொல்கிற வாத்தியார்! மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அதனால்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.