ரோடு தெளிவாத்தானே இருக்கு!

இரண்டு மாதங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டு மேசையில் ஒரு பஸ் விபத்து நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பாதி எழுதி வைத்திருந்த என் வாரப் பத்திதான் அந்த இடத்திலேயே பலி.

அந்த வாரம் ‘எழுத்தாளருக்குச் சுகமில்லை’ என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நலம் விசாரித்தவர்களுக்கு நன்றி. எனக்கு ஒரு கோளாறும் இல்லை... கோளாறு வேறொருவருக்கு.

என் வீட்டுக்காரர் அருளப்பன், மாத்தளை–தம்புள்ளை ரோட்டில் இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவர். அப்போதுதான் முதலாளி பஸ்ஸை விற்றிருந்தார். அடுத்த தவணையில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுவதாகப் பேச்சு. அதுவரை வீட்டில்.

ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருக்குமா? கதிரையில் இருந்தபடியே ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். “தேர்ட் கியருக்கு எறக்கு... எறக்குடா!” ஓட்டுகிறவனுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும் – காலையில் இருந்து இரவு வரை.

அவரிடம் பதினான்கு வருடம் கொண்டக்டராக இருந்த ரிஸ்வானுக்கு இதைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு வந்தார்.

“அண்ணே, பஸ் ஓட்டுற கேம். மலை ரோடு, வளைவு, மழை, ஏறி எறங்குற ஆளுங்க... எல்லாம் அப்பிடியே நெசம்!”

“கிளச் இருக்கா?”

“கீபோர்டுல இருக்குண்ணே.”

கிளச்சை விரலால் மிதிப்பதா? அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் கம்ப்யூட்டர், மூடிப்போன ஒரு டியூஷன் கிளாஸில் வாங்கியது. அந்த கேம் கேட்பது பதினாறு ஜிபி ராம். எங்களிடம் இருப்பது நாலு. நான் ‘அ’ அடித்தால் அது கொஞ்சம் யோசித்துத்தான் ‘அ’ போடும். அதிலா மலை ரோடு?

பஸ் கிளம்பியது. ஒரு படம் வந்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு படம். முதல் படத்தில் தூரத்தில் ஒரு லொறி. அடுத்ததில் கிட்டத்தில். அதற்கடுத்ததில் கண்ணாடி முழுக்க லொறி!

“பிரேக் புடிக்கல ரிஸ்வான்... பிரேக் புடிக்கல!”

மேசைக்குக் கீழே ஓங்கி மிதித்தார். பிரேக் இருக்கவேண்டிய இடத்தில் என் மல்டி பிளக் இருந்தது. சுவிட்ச் உடைந்தது. திரை இருண்டது. கேமுக்குப் பின்னால் சேவ் பண்ணாமல் திறந்து கிடந்த என் பத்தியும் போயே போயிற்று.

இதோடு விட்டார்களா? அதுதான் இல்லை. ரிஸ்வான் கடைக்கு ஓடிப் புது பிளக் வாங்கிவந்தார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுவும் பழைய பஸ் மாதிரிதான். ஏத்தம் ஏறலன்னா லோட எறக்கணும்.”

இறக்க ஆரம்பித்தார்கள். முதலில் நிழல்களை எடுத்தார் ரிஸ்வான். யாருக்கும் நட்டமில்லை. பிறகு மழை. பிறகு மரங்கள். எதிரே வரும் வாகனங்களை எடுத்தபோது இவர் கொஞ்சம் முறைத்தார். கடைசியில் பயணிகள். அங்கேதான் தகராறு.

“ஆளில்லாத பஸ்ஸ ஓட்ட நான் என்ன கராஜுக்கா போறேன்?”

“ஆள ஏத்தினா பஸ் நகராதுண்ணே.”

“நம்ம பஸ் நகந்துச்சே! புட்போர்டுல தொங்குனாங்களே!”

ஒருவழியாகப் பயணிகளும் இறங்கினார்கள். படத்தின் தெளிவையும் ஆகக் கீழே இறக்கினார் ரிஸ்வான். பஸ் ஓடியது... உண்மையிலேயே ஓடியது! ரிஸ்வான் பழக்கதோஷத்தில் என் அலுமாரிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, “ஹரி, யமு!” என்று சிங்களத்தில் ‘சரி, போகலாம்’ கத்தினார்.

எனக்குத் தெரிந்தது என்ன? மலைகள் பச்சைச் சவுக்காரக் கட்டிகளை அடுக்கியது போல். ரோடு, பால் ஊற்றிப் பிசைந்த சோறு போல். ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கறை.

“கொஞ்சம் மங்கல்தான் அண்ணே. வேற வழியில்ல” என்றார் ரிஸ்வான்.

“எங்க மங்கல்? ரோடு தெளிவாத்தானே இருக்கு!”

ரிஸ்வானின் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்றே நினைத்தோம். வித்தியாசம் காட்டுவதற்காக ரிஸ்வான் படத்தின் தெளிவை உச்சத்துக்கு ஏற்றினார். பஸ் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் என்ன படம்! தாரில் இருந்த வெடிப்புக்கூடத் தெரிந்தது.

“இப்பப் பாருங்கண்ணே. வித்தியாசம் தெரியுதா?”

“தெரியுது. முன்ன ஓடிச்சு. இப்ப நிக்குது.”

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“இங்க பாருங்க... முன்னுக்கு ஒரு போர்ட் இருக்கே, அதுல என்ன இருக்கு?”

“எந்த போர்ட்?”

திரையின் நட்டநடுவில், மஞ்சள் பலகையில், இரண்டு பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

ரிஸ்வான் என்னைப் பார்த்தார். “அக்கா... கடைசி கொஞ்ச நாளா, பஸ் ஹோல்ட்டுல ஆள் நிக்குதுன்னு நான் கதவத் தட்டினாத்தான் அண்ணன் நிப்பாட்டுவாரு. களைப்புன்னு நெனச்சேன்.”

“கம்ப்யூட்டர் சரியில்ல!” என்று எழுந்தார் இவர். “அந்த ரோட்ட நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்!”

“அதத்தானே செஞ்சிருக்கீங்க!” என்றேன்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அவர்பாட்டுக்கு மங்கல் ரோட்டில் வெறும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னேன்:

“வேன்காரருக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு நல்ல சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால், இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, “எப்படி வாகனம் ஓட்டினீங்க?” என்று கேட்டார். “நல்லாத்தான் ஓட்டினேன்” என்றார் இவர்.

ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. மற்றதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை காலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்றதும் இவர் முதலில் போனது எங்கே? கம்ப்யூட்டரிடம்தான். பார்க்க வந்த ரிஸ்வானும் பக்கத்தில் நின்றார்.

பஸ்ஸை எடுத்தார். கொஞ்ச தூரம்தான். தானாகவே நிப்பாட்டிவிட்டார்.

“என்னடா இது? ஒண்ணுமே தெரியல. என்ன பண்ணி வச்சிருக்க?”

“நான் ஒண்ணும் பண்ணலண்ணே. இவ்வளவு நாளும் நீங்க ஓட்டினது இதுதான்.”

கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பிடியா ரிஸ்வான் தெரிஞ்சுது எனக்கு? இப்பிடித் தெரிஞ்ச ரோட்டுலயா அறுபது பேர ஏத்திக்கிட்டுப் போனேன்?”

ரிஸ்வான் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். இவர் போனை எடுத்து வேன்காரருக்கு அடித்தார். நான் சொல்லவில்லை, அவராகவேதான்.

“மத்தக் கண்ணும் சரியாகட்டும். டாக்டர் எழுதித் தந்தாத்தான் வண்டியத் தொடுவேன். அதுவரைக்கும் வேற ஆளப் போடுங்க.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோபமும் இருந்தது... ஆனால் இவர்மேல் மட்டும் இல்லை.

ஏனென்றால், அந்த அறுபது பேரில் நானும் ஒருத்தி. அதே ரோட்டில், நாவுலவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இவருக்குப் பின்னால் முதல் சீட்டில்தான் இருப்பேன். ‘நம்ம ஆள்தானே ஓட்டுறாரு’ என்று... நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு!