செவ்வாய் காலை 6.12

என் நாட்குறிப்பில் ஆவணி இரண்டாம் செவ்வாய்க்கு எதிரே இப்படி இருக்கிறது: 'தம்பி இறந்த செய்தி, மதியம் போனில். திங்கள் மாலை நெஞ்சுவலி, உடனே முடிந்தது என்கிறார்கள். சரிபார்க்க.'

தம்பி திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் மேனேஜர். மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார்கள். செவ்வாய் காலையிலும் சமூக ஊடகத்தில் அவன் பதிவு ஒன்று வந்ததைப் பார்த்ததாக உறவினர் ஒருவர் பதினாறாம் நாள் காரியத்தில் சொன்னார். அது உண்மையென்றால் அதுவரை உயிரோடு இருந்திருக்கிறான்; நெஞ்சுவலி வந்தவனை ஓர் இரவு முழுக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருக்கிறார்கள். நான் அவன் பதிவுகளைப் பார்க்க முடியாது. அவன் அனுப்பிய நட்பு அழைப்பை நான் ஏற்கவே இல்லை.

உறவினர் போனில் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பதிவுகளை நொடிக்கணக்கோடு இறக்கித் தரும் ஏபிஐ என்ற மென்பொருள் வழி உண்டு என்று படித்தேன். சூரமங்கலம் வீட்டில் உட்கார்ந்து டெவலப்பர் கணக்குத் தொடங்கி, சாவியும் ரகசியக் குறியீடும் வாங்கினேன். அனுமதி முடிந்ததும் திரும்பி வரவேண்டிய இணைய முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு விட்டுப்போனதில் இரண்டு நாள் வீணாயிற்று. அதன்பின் கணக்குக்கு உரியவர் உள்ளே நுழைந்து அனுமதி தர வேண்டும் என்றது. ஓடிபி தம்பியின் எண்ணுக்குப் போயிற்று.

அந்த எண் அவனுடையதல்ல. ரிக்கின் பக்கவாட்டில் பெயிண்டில் எழுதியிருந்த, வண்டிக்கான போன் எண். அதை வைத்தே கணக்குத் தொடங்கியிருக்கிறான். அழைத்தேன். தம்பி இருந்தபோது அதே வண்டியில் டிரில்லராக இருந்து இப்போது மேனேஜராகிவிட்டவர் எடுத்தார்.

"ஆளு மாறுவாங்கண்ணா, வண்டி நம்பர் மாறாதுங்க" என்றார்.

கம்ப்ரசர் இரைச்சலில் இரண்டு ஓடிபி காலாவதியாயின. மூன்றாவதை, வண்டியை விட்டுத் தள்ளிப்போய் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். தம்பியின் பெயரைச் சொல்லி, உங்கள் பதிவுகளை இந்தச் செயலி படிக்கலாமா என்று திரை கேட்டது. அனுமதித்தேன். பதிவுகளைத் திறக்கும் அனுமதிச் சீட்டாக டோக்கன் வந்தது.

கடைசிப் பதிவு, குழியிலிருந்து தண்ணீர் பீறிடும் படம். கிரீன்விச் நேரம் செவ்வாய் 00.42. ஐந்தரை மணி கூட்டினால் காலை 6.12.

மறுபடி அழைத்து, அன்று காலை போன் யாரிடம் இருந்தது என்று கேட்டேன்.

"தண்ணி வந்தா ஆரு கையில போன் இருக்குதோ அவங்க போட்டுருவமுங்க. அன்னிக்கு ஆருன்னு ஞாபகமில்லீங்க."

தம்பி இறந்தது திங்கள் மாலை என்றது நிச்சயம்தானா என்று கேட்பதற்குள், குழி போடும் பாயிண்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

டோக்கன் உறுதிசெய்வது கணக்கை மட்டுமே, கையை அல்ல. 6.12க்கு அந்தப் படத்தைப் போட்டது தம்பியா, வேறொருவரா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.