தம்பி பூசிய கறுப்புப் பெயிண்ட்

வேன் அக்காவுக்குக் கோபமே வராது என்று தெருவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். காலையில் எழுந்து ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டிச் சாவியைக் கையில் எடுப்பாள். ரோட்டில் குறுக்கே வந்து விழுகிறவனைக்கூடத் திட்டமாட்டாள். "பாத்துப் போப்பா, வீட்டுல தேடுவாங்க" என்பதோடு சரி.

அந்த வேன் அவளுடையதுதான், ஆனால் அவள் பெயரில் இல்லை. கணவர் போன பிறகு அக்கா யார் கையையும் பார்த்து நிற்கக் கூடாது என்று, வெளிநாட்டில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற தம்பி வாங்கிக் கொடுத்தான். வாங்கின அவசரத்தில் தன் பெயரிலேயே பதிந்துவிட்டான். அக்கா பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் அதற்கும் அவனே நேரில் வந்து நிற்க வேண்டுமாம். வந்த லீவெல்லாம் கல்யாணம், காரியம் என்று கரைந்து போயிற்று. ஆகவே வருடா வருடம் வண்டியைச் சோதனைக்குக் காட்டி வரி கட்டும் நாள் வந்தால், வண்டி இங்கே நிற்கும், சொந்தக்காரன் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்பான், நடுவில் அக்கா கிடந்து அல்லாடுவாள்.

அந்த வேனில் போகிறவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் உயிர். அதில் ஒருத்தி அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. உடம்பு முழுக்க வியாதி, வாய்க்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

இந்த வருடச் சோதனைக்குப் போன நாளில், பழைய சோதனைத் தாள் அன்றோடு முடிகிறது. முடிந்த தாளோடு போனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலையில் நாலு பேரும் மிஷினில் படுத்தாக வேண்டும். ஏன் கடைசி நாள்வரை விட்டாள் என்று கேட்கலாம். அவளா விட்டாள்? ஒரு மாதம் முன்னாடியே போய்க் கேட்டவளுக்கு அலுவலகத்தார் கொடுத்த நாளே அதுதான்.

நாத்தனாரை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனாள். சோதனை மைதானத்தில் வெயில் கொதித்தது. அதிகாரி வந்தார், விளக்கைப் போடச் சொன்னார், பிரேக்கை அழுத்தச் சொன்னார், டயரைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு குனிந்தார். வண்டியின் இரும்புச் சட்டத்தில் கம்பெனியே வெட்டின நம்பர் ஒன்று இருக்கும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் விழும். அதுதான் வண்டிக்கு அடையாளம்.

"நம்பர் எங்கம்மா?"

அவளும் குனிந்து பார்த்தாள். நம்பர் இருந்த இடம் வழவழவென்று கறுப்பாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. போன லீவு முடிந்து விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் தம்பி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட்டை மூன்று பூச்சு பூசினான். "அடுத்த தடவை நான் வர்ற வரைக்கும் துரு எட்டிக்கூடப் பாக்காதுக்கா." நகக்கண்ணில் கறுப்போடுதான் போனான். ஒரு வருடப் பாசத்தை ஒரு மாதத்தில் காட்டியாக வேண்டிய பிள்ளை, நம்பரை எங்கே கவனித்தான்?

"ஒரு நிமிஷம் சார், சொரண்டிடறேன்."

"தொடாதீங்க! நீங்க சொரண்டினா நம்பரைத் திருத்தினதா ஆயிடும்."

"அப்ப நீங்க சொரண்டுங்க சார்."

"அது என் வேலை இல்லம்மா."

"வேற யாரு சார் சொரண்டணும்?"

"ஓனர் நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும். அப்புறம் மேல கேட்டுத்தான்."

"ஓனர் வெளிநாட்டுல இருக்காரு சார்."

"வரச் சொல்லுங்க."

பக்கத்துத் தெருவில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரிச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போனார். பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது.

"என்னவாம்?" என்றாள் நாத்தனார்.

"தம்பி நேர்ல வரணுமாம் அண்ணி."

"வரட்டுமே. அவன் வந்து சேர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன். ஒரே செலவுல ரெண்டு காரியமும் முடிஞ்சிடும்."

கேட் பக்கம் நின்ற புரோக்கர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, மொதல்லயே என்கிட்ட விட்டிருந்தா பெயிண்ட்டோடயே பாஸ் ஆகியிருக்கும்."

"எனக்கு அந்த வழி வேண்டாம்ப்பா" என்றாள் அவள், சாந்தமாகத்தான்.

அந்த நேரம் பார்த்து, அடுத்த வரிசையில் ஒரு மினி பஸ் கரும்புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஒரு பக்க விளக்கு கண்ணைப் பிடுங்கின மாதிரித் தொங்கியது. புரோக்கர் நின்ற இடத்திலிருந்தே அதிகாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அதிகாரி குனியவில்லை, தாளை எடுக்கவில்லை, பென்சிலைக் காதிலிருந்து உருவக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டார். மினி பஸ் போயிற்று.

ஆண்டவனே, என் வாயைக் கட்டு என்று அவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். ஆண்டவன் கட்டவில்லை.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாத்தனாரே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்த வண்டிக்கு நம்பர் பாத்தீங்களா? புகையப் பாத்தீங்களா? தொங்குற லைட்டப் பாத்தீங்களா? என் வண்டிக்கு மட்டும் சட்டம் எங்கேருந்து சார் முளைச்சுது? துரு பிடிக்கக் கூடாதுன்னு பெயிண்ட் அடிச்சவன் திருடனா? துருவோட ஓட்டறவன் யோக்கியனா?"

"மெதுவாப் பேசுங்கம்மா."

"இத்தனை வருஷமா மெதுவாத்தான் சார் பேசினேன்! நாளைக்கு நாலு பேரு உயிர் இந்த வண்டிய நம்பித்தான் இருக்கு. நம்பர் பாக்காம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்னால் வரிசை கட்டின வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டார். "நியாயத்தைத்தானே கேக்குறாங்க, குனிஞ்சு பாருங்க சார்" என்றார். ஹாரன் நின்றது.

அவள் போனில் தம்பியை முகம் தெரிகிற மாதிரி வீடியோவில் கூப்பிட்டாள். பட்டறையில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு இறங்க வேண்டும். வரி கட்டும்போது சொந்தக்காரன் போனுக்கு ஒரு ரகசிய நம்பர் வரும், அதற்காகச் சாப்பாட்டு நேரத்தில் போனும் கையுமாகக் காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் செத்துவிட்டது.

"நல்லதுக்குத்தானேக்கா பூசினேன்..."

"நீ அழாதடா. இவருகிட்டப் பேசு." போனை அதிகாரி முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஓனர் வந்துட்டாரு சார். கேளுங்க."

"நான்தான் சார் பூசினேன். என் கண்ணு முன்னாடியே உங்க ஆளை வச்சு எடுங்க" என்றான் தம்பி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

அதிகாரி வரிசையைப் பார்த்தார், லாரிக்காரரைப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே அலுவலக மெக்கானிக்கைக் கூப்பிட்டார். தின்னரில் நனைத்த துணியால் நாலு தேய்ப்பு. நம்பர் பளிச்சென்று வெளியே வந்தது. தாள் வைத்தார், பென்சில் தேய்த்தார், கையெழுத்துப் போட்டார். இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஒருவன் கடல் தாண்டி வர வேண்டுமாம்!

அவள் வரி கட்டும் ஜன்னலுக்கு ஓடினாள். போனுக்குள் மணி அடிப்பது கேட்டது.

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சிடுச்சுக்கா. மேஸ்திரி கத்துறாரு."

"போயிடாதடா, கண்ணு!"

"போகல, போகல. வயித்து வலின்னு சொல்லிட்டுக் கக்கூஸுக்குள்ள நிக்கிறேன். நம்பர் வந்தா சொல்றேன்."

வந்தது. சொன்னான். கம்மிய குரலில் கக்கூஸிலிருந்து வந்த அந்த எண்ணை ஜன்னலில் இருந்தவர் தட்டிப் போட்டார். ரசீதைக் கையில் வாங்கின பிறகுதான் அவனை வேலைக்குப் போகவிட்டாள்.

கேட்டில் புரோக்கர் சிரித்தான். "எதுக்கு அக்கா இவ்வளவு பாடு?"

நாத்தனார் கண்ணாடியை இறக்கினாள். "உனக்கு எதுக்குப்பா இந்த வெயில்ல இவ்வளவு பாடு? உள்ள போய் அந்த ஆபீசரு நாற்காலியிலேயே உக்காந்துக்கயேன்."

அன்று சாயங்காலம், கத்தினதற்கு ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தாள். அந்த மினி பஸ்ஸில் ஏறப் போகிறவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக வேண்டிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி தாளைப் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினான். நாலு பேரும் உள்ளே போனார்கள்.