பாப்பாயி சந்தைக்குள் வந்த விதம்

பாப்பாயிக்குச் சர்க்காரோடு சண்டை. அப்படியொரு சண்டை நடப்பதே சர்க்காருக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் கல்லாங்காட்டூர் என்று ஓர் ஊர். திங்கட்கிழமைதோறும் அங்கே சந்தை. வெண்ணெய், நிலக்கடலை, பருத்தி, ஆடு, கோழி எல்லாம் வரும். கொண்டு வந்தவர்கள் பாப்பாயியின் சந்தகை தின்னாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். வெந்த அரிசி மாவைச் சூடு ஆறுவதற்குள் மர அச்சில் போட்டு, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். மேலே தேங்காய்ப்பாலும் வெல்லமும். அச்சை அழுத்தும்போது பாப்பாயி யாரையாவது வைதுகொண்டே இருப்பாள். வைதால்தான் கைக்குப் பலம் வருமாம். அவள் புருஷன் பெயர் சென்னிமலை. வண்டிக்காரன், வாயைத் திறக்காமலே குடித்தனம் நடத்தக் கற்றவன். பெரும்பாலான நாட்களில் அந்தப் பலம் அவன் பெயரைச் சொல்லித்தான் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் மார்கழியில் ஊருக்குள் பிளேக் புகுந்தது. முதலில் கடலைக் கிட்டங்கிகளில் எலிகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர்கள். தெருவுக்கு இரண்டு வீடாவது விளக்கேற்ற ஆளில்லாமல் போயிற்று. சந்தையில் பாப்பாயிக்குப் பக்கத்துக் கடை வளையல்காரி சாஜிதா பேகத்தினுடையது. அவள் புருஷன் காய்ச்சல் என்று படுத்தான். மறுநாள் அவன் இல்லை. பாப்பாயி அன்றைக்கு யாரையும் வையவில்லை. சாஜிதாவின் வாசலில் போய் உட்கார்ந்தவள், கிட்டப் போகாதே என்று ஊர் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். ஊரைக் காலி செய்து மேட்டுக்காட்டில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சந்தை கூடக் கூடாதென்று தமுக்கு அடித்தார்கள். பழைய சந்தைப்பேட்டையில் கடைகளின் கூரையைப் பிரித்துக் கொளுத்தி, மண் தரையைக் கொத்தி, எலி வளைகளில் மருந்து ஊற்றினார்கள். பாப்பாயி தன் கடை அடுப்புக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றாள். அவர்கள் மரியாதையாக, அவளை அடுப்புக் கல்லோடு சேர்த்துத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். சண்டைக்கு அதுதான் மூலம். அவள் கடைத் தரைக்குள் செத்த எலிகள் கிடைத்ததென்னவோ உண்மை. "அவுங்க மடியில கட்டிக் கொண்டாந்து போட்டதுங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

நோய் அடங்கியது, ஜனங்கள் வீடு திரும்பினார்கள். சந்தை மட்டும் திரும்பவில்லை. வெளியூர் வியாபாரிகள் வேறு சந்தைகளுக்குப் பழகிவிட்டார்கள். 'பிளேக் ஊரா' என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. கடலைக்கும் அந்த வருஷங்களில் விலையில்லை. சென்னிமலை ஒரு மாட்டை விற்றுச் சாப்பிட்டுவிட்டு, ஒற்றை மாட்டையும் வண்டியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குடிசை போட்டிருந்த காலத்தில் பாப்பாயி மேட்டுக்காட்டு வேலாமரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தாள். மிஞ்சிய பத்து இருபது கடைக்காரர்கள் திங்கட்கிழமைகளில் அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, சந்தை என்று சொல்லிக்கொண்டார்கள். தரித்திரம் பிடித்த சந்தைதான். ஆனால் அதற்குப் பாப்பாயி ராணி.

மறுவருஷம் கல்லாங்காட்டூரைத் தூக்கி நிறுத்தச் சர்க்கார் பணம் ஒதுக்கியது. பெரிய சாலைவரை சரளைக்கல் போட்ட பாதை, புதிய சந்தைக் கொட்டகை, கிணறு, ஒரு வருஷத்துக்குச் சுங்கம் இல்லை, மாடில்லாத குடியானவர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் மாடு வாங்கத் தக்காவி என்கிற சர்க்கார் கடன். வேலையை நடத்த லட்சுமணசாமி என்ற ஓவர்சியர் கோயமுத்தூரிலிருந்து வந்தான். மீசை சரியாக முளைக்காத முகம், அதை மறைக்கப் பெரிய தொப்பி. கடைக்காரர்களை மரத்தடியில் கூட்டி, பாப்பாயியைப் பார்த்தே பேசினான். அடுப்பு இருக்கிற இடத்தில்தான் அதிகாரமும் இருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

"அம்மா, தரை முச்சூடும் கல்லுங்க. எலி வளை தோண்ட முடியாது. மேல ஓடு. கெணறு பக்கத்துலயே. உங்களுக்கு ஓரமா, காத்து வர்ற எடமாப் பாத்து விட்டிருக்கேனுங்க."

"ஏனுங் தம்பி, என்ற கூரையைக் கொளுத்திப்போட்டு, இப்பக் கூரை போட்டுக் குடுக்கறீங்களா?" என்றாள் பாப்பாயி. "அந்தக் கொட்டகையில நான் கால் வச்சனாக்க, என்ற பேரு பாப்பாயி இல்லீங்க."

சபதத்திலும் 'ங்க' போடுவது அந்தப் பக்கத்து மரியாதை. லட்சுமணசாமி அதற்கு மேல் பேசாமல், இரண்டு தட்டுச் சந்தகை வாங்கித் தின்றுவிட்டுப் போனான்.

பாதை வேலை தொடங்கியது. சும்மா கிடந்த கைகளுக்கெல்லாம் கூலி கிடைத்தது. சரளை அடிக்க வண்டி வேண்டும் என்றார்கள். சென்னிமலை மெதுவாகப் பேச்செடுத்தான்.

"ஏனம்மிணி, தக்காவில ஒரு மாடு புடிச்சா, ஜோடி சேந்துரும்."

"சர்க்கார் மாடு என்ற கட்டுத்தரைக்கு வரப்படாதுங்க."

மாடு வந்தது. நல்ல மயிலைக் காளை, திமிலைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பாப்பாயி கண்ணை எடுத்துக்கொண்டாள். கட்டுத்தரைப் பக்கமே திரும்புவதில்லை என்று பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஆனால் பருத்திக்கொட்டை மூட்டை இளைத்துக்கொண்டே வந்தது. காளை கொழுத்துக்கொண்டே வந்தது. சென்னிமலை மூட்டையைக் காட்டிக் கேட்டான்.

"எலி தின்னிருக்கும்."

"எலியா? அது நல்லதுக்கில்லையே அம்மிணி. ஓவர்சியர்கிட்டச் சொல்லிப்போடட்டுமா?"

பாப்பாயி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து பகலிலேயே கொட்டை வைக்கத் தொடங்கினாள். சரளை அடித்த கூலியில் வீட்டில் அரிசி வந்தது, தேங்காய் வந்தது, அவளுக்கு ஒரு சேலையும் வந்தது. இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை. சண்டைக்காரன் வீட்டுச் சோறாக இருந்தாலும், புருஷன் கையால் வந்தால் அது புருஷன் சோறுதானே!

தை மாதம் கொட்டகை திறந்தது. முதல் இரண்டு திங்கட்கிழமை கல் தரையில் காக்கை நடந்தது. மூன்றாவது வாரம் புதிய பாதையில் மோட்டார் பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் பருத்தி வியாபாரிகள் வந்தார்கள், வெண்ணெய்க்காரிகள் வந்தார்கள். மரத்தடிக் கடைகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. கடைசியாக சாஜிதா பேகம் வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, வளையல் போடற பொம்பளைங்க எல்லாம் அங்கதான் வாராங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

"போ கண்ணு. நீ பொழைக்கோணுமில்ல" என்றாள் பாப்பாயி. சாஜிதாவின் தலை மறைந்ததும் காலி அச்சை எடுத்து ஓங்கி அழுத்தினாள். வைவதற்கு அன்றைக்குச் சரியான ஆள் கிடைக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளை வைய முடியுமா? பிளேக்கை வைதால் மாரியாத்தாளுக்குக் கோபம் வரும். அத்தனை வசவையும் தாங்கிக்கொள்ளச் சர்க்கார் ஒன்றுதான் இருந்தது.

பிறகு வேலாமரத்தடியில் அவளும் இரண்டு அணில்களும். விற்காத சந்தகையைச் சென்னிமலை காலையில் தேங்காய்ப்பாலோடும், மத்தியானம் எள்ளுப்பொடியோடும், ராத்திரி மோரோடும் தின்றான். குறை சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் காளைக்குக் கொஞ்சம் வைத்துப் பார்த்தான். காளை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கொட்டகையில் யாரோ ஒருவன் சந்தகைக் கடை போட்டிருக்கிறான்!

அடுத்த திங்கட்கிழமை பாப்பாயி கொட்டகை ஓரம்வரை நடந்து போனாள். கல் தரை தொடங்குகிற இடத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தாள். தட்டில் கிடந்தது சந்தகை இல்லை, கிணற்றுக் கயிறு. அதையும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். வீட்டுக்கு வந்தவள் சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

சென்னிமலை வெகுநேரம் யோசித்தான். வாய் திறப்பது அவனுக்குச் சுலபமான காரியம் இல்லை.

"கால் வெக்க மாட்டேன்னுதானே சொன்னே அம்மிணி? வண்டிச் சக்கரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

சுவரைப் பார்த்திருந்த பாப்பாயி இந்தப் பக்கம் திரும்பினாள்.

அடுத்த சந்தைக்கு வண்டியைப் பின்னால் தள்ளிக் கொட்டகை ஓரத்தில் ஒட்டி நிறுத்தினார்கள். வண்டியின் பின்பலகை ஓட்டுக்கூரைக்கு உள்ளே. சக்கரமும் மாடுகளும் வெளியே. மாவை வீட்டில் வேகவைத்துச் சட்டியோடு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, பின்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிழிந்தாள். சர்க்கார் எந்த நேரம் விரட்டுமோ என்று மாடுகளை அவிழ்க்க விடவில்லை. கூட்டம் கயிற்றுக்காரனை விட்டுவிட்டு வண்டியைச் சூழ்ந்துகொண்டது. வரிசை கிணறுவரை போயிற்று. நாலைந்து வாரம் அப்படியே ஓடியது.

விஷயம் எட்டியதும் லட்சுமணசாமி தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அம்மா, கொட்டகைக்குள்ள வண்டி நிறுத்தப்படாதுங்க. சட்டமுங்க."

"உள்ள எங்கீங்க நிக்குது? மாடு வெளிய, சக்கரம் வெளிய."

"நீங்க உள்ள இருக்கறீங்களே?"

"நான் எங்கீங்க இருக்கறேன்? நான் வண்டியில இருக்கறேன்."

லட்சுமணசாமி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குப் பசி வேறு. "சரிங்க, ஒரு தட்டுக் குடுங்க" என்றான். அவள் தட்டை எடுத்து நீட்டுகிற அந்த வேளையில், எப்போதும் பாதை முனையிலேயே நிற்கிற மோட்டார் பஸ் அன்றைக்குக் கொட்டகைப் பக்கத்தில் வந்து ஆரனை அமுக்கியது. தக்காவிக் காளை அதுவரை அப்படியொரு சத்தத்தை அத்தனை கிட்டத்தில் கேட்டதில்லை. ஒரே எட்டில் முன்னால் பாய்ந்தது. ஜோடி மாடும் கூடவே பாய்ந்தது. வண்டி போய்விட்டது. வண்டியில் இருந்தவள் போகவில்லை. மடியில் சட்டியை அணைத்தபடி, சம்மணம் கலையாமல், தொப்பென்று கல் தரையில் உட்கார்ந்தாள்.

சட்டி உடையவில்லை. பாப்பாயிக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. சபதம் ஊருக்கே தெரியும்.

சாஜிதா பேகம் வளையல் பெட்டியைத் தாண்டிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, கால் படலீங்க! உக்காந்துதானுங்க வந்தீங்க!"

"ஆமாங்க, நானும் பாத்தேன்" என்றார் ஒரு பருத்தி வியாபாரி. "காலே படலீங்க" என்றாள் ஒரு வெண்ணெய்க்காரி. கடைசியில் எல்லாரும் ஓவர்சியரைப் பார்த்தார்கள். லட்சுமணசாமி தொப்பியைத் தலையில் வைத்து நேராக்கிக்கொண்டு, "கால் வச்சு வரலீங்க. நானே சாட்சி" என்றான்.

சாஜிதா கையை நீட்டினாள். பாப்பாயி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தபோது அவளுடைய இரண்டு காலும் தரையில் ஊன்றியதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாத நேரத்தில் வேறு பக்கம் பார்க்க அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். கல் தரை குளுகுளுவென்றிருந்தது. பாப்பாயி சாஜிதாவின் கையை உடனே விட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். கண் கலங்கியிருந்தது, இடுப்பில் பட்ட அடி என்று சொன்னாள்.

பிறகு சுற்றிலும் பார்த்தாள். "ஏனுங் தம்பி, அந்த ஓரந்தானுங்களே எனக்கு விட்டதாச் சொன்னது? அங்க எதுக்குங்க கோழிக் கூடை கெடக்குது?"

கோழிக் கூடை நகர்ந்தது. கயிற்றுச் சந்தகைக்காரன் மறுவாரம் பொரிகடலை விற்கப் போய்விட்டான். பாப்பாயி வந்த பிறகு கொட்டகைக்கு அவளே காவல்காரி. யாராவது கடலையைச் சிந்திவிட்டுக் கூட்டாமல் போனால், "எலி வரட்டுமுன்னா?" என்று வசவு விழும். சந்தை கலைந்ததும் அவளும் சாஜிதாவும் கிணற்றில் இறைத்துத் தரையைக் கழுவிவிட்டுத்தான் வீடு போவார்கள். புகை போக ஓட்டில் ஒரு வழி திறக்கச் சொல்லி ஓவர்சியரை அவள் படுத்திய பாட்டில், அவன் மாற்றல் கேட்டு எழுதினதாகக்கூட ஊரில் சொல்லிக்கொண்டார்கள். புகைக்கு வழி வந்தது, மாற்றல் வரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் பக்கத்து ஊரில் எலி விழுகிறது என்று பேச்சு வந்தது. பிளேக் ஊசி போட டாக்டர் வந்து கொட்டகையில் மேஜை போட்டார். ஜனங்கள் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். பாப்பாயி சென்னிமலையின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மொதல்ல இவருக்குப் போடுங்க. உசுரோட இருந்தாருன்னா அப்பறம் எனக்குங்க."

சென்னிமலை உயிரோடு இருந்தான். அவளும் கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது டாக்டரின் பாட்டன்வரை வைதாள். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே மற்றவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள்.

ஊசிக் காய்ச்சலில் இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்துக்கொண்டார்கள். சாஜிதா பேகம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து இருவருக்கும் ஊற்றினாள். பாப்பாயி ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புப் போதவில்லை என்றாள். சென்னிமலை, நல்லா இருக்குது என்று சொல்லி, இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டான்.