எண்ணெய் விட்ட காதில் அவள் பேசியது

எனக்கு இருப்பது ஒரே காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இடது காதின் கேட்கும் சக்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பார்க்க இரண்டும் இருக்கும், வேலை செய்வது வலது மட்டும். அதுவும் லேசில் குறும்பி அடைத்துக்கொள்ளும் காது. மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷமாக உப்பு வாருகிறவன் நான். காற்றுக்குப் பயந்து எண்ணெய்ப் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பாத்தியில் இறங்குவேன். அப்படியும் அடைக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காதைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் நாள். அதற்கு முன்னால் காது. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டு அடுப்பில் காட்டுவாள். ஆறியதும் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். அவள் கை பொறுக்கும் சூடுதான் என் காதுக்கு. மடியில் என்னைப் படுக்க வைத்து, மடலை மெல்ல மேலே இழுத்து நாலு சொட்டு விடுவாள். பிறகு நூறு எண்ணும் வரை அசையக் கூடாது. அவளுடைய நூறு பல நாள் ஐநூறைத் தாண்டும்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்காத காது கீழே, கேட்கிற காதில் எண்ணெய். அப்போதுதான் அவள் பேசுவாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன், முகம் தெரியாது. அவள் வயிறு என் பின்தலையில் பட்டு அசைவதை வைத்துத்தான் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

"இன்னா சொன்ன?" என்பேன் எழுந்ததும்.

"ஒண்ணுமில்ல. எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்பாள்.

நானும் விட்டுவிடுவேன். பொம்பளை எதையாவது முணுமுணுப்பாள் என்று நினைத்துக்கொண்ட மடையன் நான்.

புயலில் வீட்டுக் கூரை போன பிறகு அவள் குவைத்துக்குக் கிளம்பினாள். ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். அவள் அனுப்பிய பணத்தில் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. அந்தத் தளத்தின் கீழே நான் மட்டும் படுத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் தலைக்கு நானே எண்ணெய் வைத்துக்கொள்வேன். காதுப் பக்கம் கை போகாது. அவள் இல்லாமல் எனக்கு வீடு பிடிக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அவளால் போன் செய்ய முடியும். இரண்டு வருஷம் முடியப் போகிற நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டாள். "மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நான் இன்னா சொல்லட்டும்? யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க."

அந்தத் திங்கட்கிழமையே காது அடைத்துக்கொண்டது.

உப்பளத்துக்காரர்கள் நாங்கள் காலில் வெடிப்பு வந்தாலும் பல்லில் வலி வந்தாலும் பாத்தித் தண்ணீரைத்தான் தேடுவோம். இரும்பையே அரிக்கிற தண்ணீர் இந்தக் குறும்பியைக் கரைக்காதா என்று தோன்றியது. உப்பு பூக்கத் தயாராக நின்ற பாத்தியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் காதில் விட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் காது கல்லாகிவிட்டது. அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? காதுக்குள்ளேயே ஒரு பாத்தி கட்டி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. ஏதோ இரைந்தது, அவ்வளவுதான். ஸ்பீக்கரில் போட்டிருந்தால் என்னைத் தவிர சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவளுக்கு எழுதப் படிக்க வராது, மெசேஜும் அனுப்ப முடியாது. "டவர் இல்ல, அடுத்த வாரம் பேசு" என்று கத்திவிட்டு வைத்தேன். அவள் பதிலுக்கு என்ன சொன்னாளோ தெரியாது.

மறுநாள் பஸ் பிடித்து வானூர் போனேன். அங்கே ஒரு ஆயுர்வேத டாக்டரம்மா இருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, என் காதோடு வாயை வைத்து உரக்கப் பேசினார்.

"குறும்பி அழுக்கு இல்லங்க. காதுக்கு உடம்பே வெச்ச காவல். அது அதிகமாயிட்டா இளக்கி வெளியே எடுக்கணும். குச்சி, ஹேர்பின்னு எதையும் உள்ள விடாதீங்க. உப்புத் தண்ணியையும்தான்."

செவிப்பறையில் ஓட்டை, சீழ் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். இருந்தால் எண்ணெய் விடவே கூடாதாம். இல்லை என்றதும் ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் தந்தார். தினமும் வெதுவெதுப்பாக நாலு சொட்டு, பக்கவாட்டில் படுத்து நூறு எண்ண வேண்டும். முதல் இரண்டு நாள் குறும்பி ஊறி இன்னும் மந்தமாகும், பயப்படக் கூடாதாம்.

"வீட்டுல யார் எண்ணெய் விடுவாங்க?" என்றார்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நானே விட்டுப் பார்த்தேன். எண்ணெய் கழுத்துக்கும் பாய்க்கும் போனது. கடைசியில் என்னோடு உப்பு வாரும் கூட்டாளியிடம் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் உப்பு மூட்டையில் தலை வைத்துப் படுப்பேன். பீடி வாசனையோடு ஒரு கை என் காதைப் பிடித்து இழுக்கும். "ஏம்பா, ஆடாத" என்பது போல் முதுகில் ஒரு தட்டு தட்டுவான். சரியாக நூறில் எழுப்பிவிடுவான். அவன் மேல் குறை இல்லை. ஆனால் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது என் பின்தலை அவள் வயிற்றைத் தேடியது. அவள் அத்தனை வருஷம் என்ன பேசியிருப்பாள் என்று அங்கேதான் முதன்முதலாக யோசித்தேன்.

ஆறாம் நாள் எழுந்து தலையைச் சாய்த்தபோது துண்டில் ஏதோ விழுந்தது. கறுப்பாக, ஓரத்தில் வெள்ளை உப்புத் தூளோடு ஒரு கட்டி. அடுத்த நொடி, உப்பு வாரும் பலகை தரையில் உரசும் சத்தம் காதுக்குள் பாய்ந்தது. அன்றைக்கு வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை போனை எடுத்ததும் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. காது அடைத்த கதை முழுவதையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "பாத்தித் தண்ணியையா ஊத்துனீங்க?" என்று இன்னொரு முறை சிரித்தாள்.

"ஒண்ணு கேக்கணும். என் காதுல எண்ணெய் வுட்டுட்டு ஏதோ பேசுவியே. இன்னா பேசுவ?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

"அப்பப்ப எதையாவது பேசுவேன். பாஸ்போர்ட் எடுத்ததுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான். போகட்டுமா, வேணாமானு கேப்பேன்."

"எனக்குக் கேக்காதுன்னு தெரியும்ல?"

"தெரியும். கேக்குற நேரத்துல கேட்டு, நீங்க 'போ'ன்னு சொல்லிட்டா?"

கிளம்பின அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் அவள் பையைத் தூக்கிக் கொடுத்தவன் நான். பார்த்துப் போ என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"மேடத்துக்கு இன்னா சொல்லட்டும்?" என்றாள்.

"முடியாதுன்னு சொல்லு. நீ இல்லாம என்னால முடியல. வந்துடு."

"இன்னா சொன்னீங்க? கேக்கல."

டவர் நன்றாகத்தான் இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வரப்பில் எழுந்து நின்று "வந்துடு" என்று கத்தினேன். பாத்தியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் கேக்கல" என்றாள்.

மறுபடியும் சொன்னேன்.